ரெண்டு லைன்... ஒரே கம்பம்!

லைவ் போட ஒரு நெட் லைன் பத்தாதுனு உங்களுக்கே தெரியும். நாங்க உஷார் பார்ட்டி மக்களே! கப்பலூரில் நடந்த எங்க டிபார்ட்மென்ட் விழாவுக்கு ரெண்டு கம்பெனி ஃபைபர் லைன் வாங்கினோம்.

பரிசு கொடுக்கிற நேரம், வெளியே போன லோடு லாரி கேபிளை இழுத்துட்டுப் போயிடுச்சு. ரெண்டு லைனும் காலி! ரெண்டுமே ஒரே கம்பத்தில் தொங்கினது அப்புறம்தான் தெரிஞ்சுது. துபாயில் லீவு போட்டு உட்கார்ந்திருந்த நண்பனோட அப்பா, மகன் மேடை ஏறினதைப் பார்க்கவே இல்லை.

இதே கூத்து பெரிய லெவலிலும் நடந்திருக்கு. 2008 ஜனவரி 30-ல், எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா பக்கம் கடலுக்கடியில் சீ-மீ-வீ 4, ஃப்ளாக் கேபிள்கள் ஒரே நாளில் அறுந்து, இந்தியாவில் நெட் நொண்டியடிச்சது. கிழக்கே பசிபிக் பக்கமா சுத்திவிட்டுத்தான் சமாளிச்சாங்க.

ஸோ, ஃபைபர் ஒண்ணு, வேற கம்பெனி சிம் போட்ட 4ஜி ஒண்ணு. ரெண்டையும் டூயல் வான் ரூட்டரில் செருகினா, ஒண்ணு போனதும் தானா மாறிடும். சில நொடி வீடியோ நிக்கும். அதுவும் கூடாதுன்னா ரெண்டையும் சேர்த்து அனுப்பற 'பாண்டிங்' வேணும், பர்ஸ் பழுக்கும்! ரூட்டருக்கு யுபிஎஸ் மறக்காதீங்க. ஹால் முழுக்க செல்போன் இருந்தா டவரும் திணறும், அதனால கூட்டம் இருக்கும்போதே ஸ்பீட் டெஸ்ட் பண்ணுங்க.

அடுத்த விழாவுக்கு நாங்க முதல்ல பார்க்கப்போறது கம்பத்தைத்தான்.