ரயில் நேரத்துக்கு வந்தது

பெங்களூர் சுதந்திரப் பூங்கா முன்பு மத்திய சிறையாக இருந்தது.

1975 ஜூன் 25. நாட்டில் நெருக்கடி நிலை வந்தது. எதிர்த்தவர்கள் விசாரணை இல்லாமல் சிறைக்குப் போனார்கள். நடிகை சினேகலதா ரெட்டி இங்கே 8 மாதம் இருந்தார். அவருக்கு ஆஸ்துமா. வெளியே வந்த சில நாட்களில், 1977 ஜனவரியில், இறந்தார்.

ஆனாலும் அந்த ஆட்சியைச் சிலர் பாராட்டினார்கள். ஏன்? முன்பு விலைவாசி ஏறியிருந்தது. இப்போது ரயில் நேரத்துக்கு வந்தது. அது போதும் என்று நினைத்தார்கள்.

ஜெர்மனியிலும் இப்படித்தான். 1932இல் சுமார் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. வேலை தருவேன் என்றார் ஹிட்லர். பலர் நம்பி ஓட்டுப் போட்டார்கள். 1933இல் ஆட்சிக்கு வந்ததும் மற்ற கட்சிகளைத் தடை செய்தார்.

நமக்கு 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. மக்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றினார்கள். ஜெர்மனி மக்களுக்கு அந்த வழி அடைபட்டுப் போயிருந்தது.