சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள்

அத்தையின் எக்ஸ்சேஞ்ச் – 11

அத்தை நடுராத்திரியில் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு பால் பூத் வரை போய்விட்டதையும், ஆட்டோக்காரர் ஒருவர் விசாரித்து வீட்டில் கொண்டுவந்து விட்டதையும் போன வாரம் எழுதியிருந்தேன். மறுநாள் காலை அண்ணன், நான், என் மனைவி மூன்று பேரும் டைனிங் டேபிளில் உட்கார்ந்திருந்தோம். காபி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் என் மனைவிதான் வாயைத் திறந்தாள். "ஒரு இடம் பார்க்கலாம்."

கல்யாணத்துக்கு இடம் பார்ப்போம், வீடு கட்ட இடம் பார்ப்போம். அன்றைக்கு அந்தச் சொல்லே நாக்கில் ஒட்டவில்லை. "ஹோம்ல தள்ளிட்டாங்கன்னு ஊர் பேசும்" என்றார் அண்ணன். பேசத்தான் செய்யும். கல்யாணமே செய்துகொள்ளாமல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சம்பளத்தில் எங்கள் இருவருக்கும் காலேஜ் ஃபீஸ் கட்டியவர் அத்தை. ஆனால் ஆறு மாதமாக வீட்டில் யாரும் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. பகலுக்கு வைத்த இரண்டு ஆயாக்களும் நின்றுவிட்டார்கள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், நகரத்தைவிடக் கிராமம் அதிகம். இவர்களில் பெரும்பாலானவர்களைப் பார்த்துக்கொள்வது வீடுதான். வீட்டுக்குத் தாங்காமல் போகும்போது எங்கே போவது என்பதை யாரும் முன்கூட்டி யோசித்து வைப்பதில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

முதலில் பார்த்த இல்லத்தின் பெயர் வேண்டாம். காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். வாசலில் மீன் தொட்டி, வழவழவென்று டைல்ஸ், சுவரெல்லாம் பிறந்தநாள் கொண்டாட்டப் புகைப்படங்கள். மேனேஜர் காபி கொடுத்து, பிசியோதெரபி அறையைக் காட்டி, எல்லாக் கேள்விக்கும் "அதெல்லாம் இருக்கு சார்" என்றார். அண்ணன் செக் புத்தகத்தை எடுக்காத குறைதான்.

மேஜையில் என் மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். அதை எடுக்க மாலை ஐந்தரைக்குத் திரும்பப் போனேன். அது வேறு இடமாக இருந்தது. டிவி அலறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேரைச் சுவரோரமாக வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பெரியவரின் இடுப்பைச் சுற்றி ஈரிழைத் துண்டு. அதன் முடிச்சு நாற்காலிக்குப் பின்னால். "எந்திரிச்சா விழுந்துடுவாரு சார், அதான்." பக்கத்தில் ஒரு பாட்டி, "என் பையன் வந்துட்டானா?" என்று கேட்டார். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் வந்தது: "எத்தனை வாட்டி சொல்றது? வரமாட்டான், போ."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். காலையில் பார்த்தது கட்டடம். இப்போது பார்த்ததுதான் இல்லம்.

மாலை நேரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. வெளிச்சம் மங்கும்போது டிமென்ஷியா உள்ள பலருக்குப் பதற்றம் ஏறும். மருத்துவர்கள் இதை 'சன்டவுனிங்' என்கிறார்கள். உடம்பின் கடிகாரம் குழம்பிப்போவது, பகல் முழுக்கச் சேர்ந்த களைப்பு, நீளும் நிழல்கள் என்று பல காரணங்கள் சேர்கின்றன. அத்தைக்கு ஐந்து மணி ஆனால் நைட் டூட்டி ஞாபகம் வந்துவிடும். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போவார். பல இல்லங்களில் ஷிப்ட் மாறுவதும் அதையொட்டிய நேரத்தில்தான். இருப்பவர்களுக்குப் பதற்றம் கூடும்போது பார்த்துக்கொள்ளும் கைகள் குறையும். அந்த ஒரு மணி நேரத்தை ஓர் இல்லம் எப்படிக் கடக்கிறது என்று பார்த்தால் போதும், மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் புரிந்துவிடும்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் இரண்டு தடவை போனோம். முதல் தடவை சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை சொல்லாமல். "முன்கூட்டி போன் பண்ணாம வரக்கூடாது" என்று சொன்ன இடங்களைப் பட்டியலிலிருந்து அடித்தோம்.

நான் முதலில் கேட்ட கேள்வி: "ரொம்பப் பதற்றமானா என்ன செய்வீங்க?" "டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார்" என்று உடனே பதில் வந்தால் யோசிக்க வேண்டும். மனநோய்க்குத் தரப்படும் ஆன்டிசைகோடிக் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2005-லும் 2008-லும் கடும் எச்சரிக்கை விடுத்தது. சிலருக்கு அந்த மருந்து தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். முதல் பதிலாக அது வரக்கூடாது. திடீர்ப் பதற்றத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், சொல்லத் தெரியாத பல்வலி இருக்கலாம். "யூரின் டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம்" என்று ஒரு நர்ஸம்மா சொன்னார். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டேன்.

துண்டு முடிச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, பதிவேட்டில் எழுதிவைத்துத்தான் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். அவருடைய நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். தனி அறையில் பூட்டி வைக்கக்கூடாது. "விழுந்துடுவாரு" என்பது சட்டத்தில் இல்லாத காரணம்.

அடுத்தது மொழி. சென்னை இல்லங்கள் பலவற்றில் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். முகம் சுளிக்காமல் உழைக்கிறார்கள். ஆனால் இந்த நோய் முற்ற முற்ற, பிற்காலத்தில் கற்றது கழன்று, தாய்மொழிதான் மிஞ்சும். எக்ஸ்சேஞ்சில் கடகடவென்று இங்கிலீஷ் பேசிய அத்தைக்கு இப்போது லால்குடித் தமிழ்தான் பாக்கி. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் "தாகமா இருக்கு" என்றால் புரிந்துகொள்ள ஒருவராவது அந்த மாடியில் வேண்டும். ஆகவே பகலில் எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாமல், ராத்திரி எத்தனை பேர், அவர்களில் தமிழ் தெரிந்தவர் யார் என்றும் கேட்டோம்.

பாத்ரூமை எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று நினைக்காதீர்கள். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளை டாய்லெட் என்றால் உட்கார வேண்டிய இடம் அவர்கள் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. கறுப்பு மிதியடி பள்ளம் போலத் தோன்றும். தாண்டப் போய் விழுவார்கள். கண்ணாடியில் தெரியும் கிழவி யாரோ என்று பயப்படுவார்கள். டைல்ஸின் பளபளப்பைப் பார்த்து மயங்கிய எங்களுக்கு இதெல்லாம் அப்புறம்தான் உறைத்தது.

பணத்தைக் கூச்சமில்லாமல் பேசிவிடுவது நல்லது. மாதக் கட்டணத்தில் டயபர் உண்டா, மருந்து உண்டா, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருப்பது யார், அட்வான்ஸ் திரும்ப வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். "படுத்த படுக்கையானாலும் வைத்துக்கொள்வீர்களா?" என்ற கேள்விக்கு இரண்டு இடங்களில் பதில் வரவே இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பையோ, சென்னையில் ஸ்கார்ஃப் நடத்தும் 'டெம்கேர்ஸ்' பிரிவையோ விசாரிக்கலாம்.

ஆறாவதாகப் பார்த்தது ஒரு பழைய தனி வீடு. மீன் தொட்டி இல்லை. எட்டே பேர். நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009-ல் ஹோகவேக் என்ற டிமென்ஷியா கிராமத்தைத் திறந்தார்கள். அங்குள்ள கடையையும் உணவகத்தையும் உலகமே போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, ஆறேழு பேர் ஒரு வீடாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதுதான். எட்டுப் பேர் என்றால் சமையல் வாசனை எல்லோருக்கும் எட்டும். யார் சாப்பிடவில்லை என்பதும் தெரியும்.

அந்த வீட்டில் கட்டணத்தைச் சொல்வதற்கு முன்னால் நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். என்ன வேலை பார்த்தார், யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவார், எதைச் சொன்னால் சிரிப்பார், எதைச் சொன்னால் அழுவார். நிரப்பிக் கொடுத்த மறுநாள் அங்கே வேலை பார்க்கும் பெண் போன் செய்தாள். விழுப்புரம் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். "சார், டிரங்க் கால்னா என்ன?" பத்து நிமிஷம் விளக்கினேன்.

ஒரு மாலை அத்தையை அங்கே அழைத்துப் போனோம். ஐந்து மணி. அத்தை பையை மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். நான் எழுந்தேன். அந்தப் பெண் கையமர்த்திவிட்டு, அத்தைக்குப் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள். "மேடம், மதுரைக்கு ஒரு டிரங்க் கால் புக் பண்ணணும்."

அத்தை நின்றார். பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"ஆர்டினரியா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா?"

"ஆர்டினரி போதும் மேடம்."

"ஆர்டினரின்னா நேரமாகும். லைன் கிடைச்சதும் கூப்பிடறேன். உட்காரும்மா."

அவளை உட்காரச் சொன்னவர், தானும் அருகில் உட்கார்ந்தார். கேட் பக்கம் திரும்பவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி எழுந்தார். அவள் மறுபடி மதுரைக்கு கால் கேட்டாள், முதல் தடவை கேட்பது போலவே. நான் எண்ணினேன். ஆறு தடவை.

அண்ணன் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். உறவு முறை என்ற இடத்தில் 'மருமகன்' என்று எழுதிவிட்டு, அடித்து, 'மகன்' என்று எழுதினார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: அத்தை இல்லாத முதல் இரவு