மகத்தின் ஒளியில் மறைந்த மண்டலம்

மகம் நட்சத்திரத்தைக் கேள்விப்படாதார் நம்மவருள் இலர். பஞ்சாங்கத்தின் இருபத்தேழு நட்சத்திரங்களுள் அது பத்தாவது. மேனாட்டார் அதனை ரெகுலஸ் என்பர். பங்குனி மாதத்தில் இரவு பத்து மணியளவில் அண்ணாந்து பார்த்தால், இலங்கையில் அது ஏறக்குறைய நம் உச்சிக்கு மேலே ஒளிரக் காணலாம்.

அந்த ஒளிக்கு மிக அருகே, பூரணசந்திரனின் அகலத்தினும் குறைந்த இடைவெளியில், ஒரு விண்மீன் மண்டலமே மறைந்து கிடக்கின்றது. 1950ஆம் ஆண்டு வரை அதனை ஒருவரும் அறிந்திலர். கலிபோர்ணியாவின் பலோமார் மலையில் 48 அங்குல ஷிமிட் தொலைகாட்டியால் எடுத்த கண்ணாடித் தட்டுகளிலேயே ஹாரிங்டன், வில்சன் என்னும் அறிஞர் இருவர் அதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தனர். அதற்கு லியோ 1 என்று பெயர்.

மகம் நம்மிலிருந்து 79 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒற்றை விளக்குப் போல்வது. லியோ 1 எண்ணற்ற நட்சத்திரங்களின் கூட்டம். அதன் தொலைவோ எட்டு இலட்சம் ஒளியாண்டுக்கும் அதிகம். எனினும் அருகிலுள்ள விளக்கே தொலைவிலுள்ள நகரத்தை மறைத்துவிடுகின்றது.

இது எவ்வாறு நிகழ்கின்றது? மகத்தின் ஒளி நேரே வந்து ஒரு புள்ளியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. காற்றிலும், வில்லையிற் படிந்த தூசியிலும் பட்டுச் சிதறுகின்றது. பழைய கண்ணாடித் தட்டுகளில் பின்புறத்திற் பட்டு மீண்டு, நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வெண்வட்டமும் இட்டது. மங்கலான மண்டலத்தைப் பதிக்க நெடுநேரம் ஒளி வாங்கவேண்டும். நேரத்தை நீட்டினால் அந்தச் சிதறொளியும் வளர்ந்துவிடும். இதுவே படம்பிடிப்போர் எதிர்நோக்கும் இடர்.

இன்று சிறிய தொலைகாட்டியும் டிஜிட்டல் கமராவும் உடைய ஆர்வலர்களும் இவ்விடரை வென்றுள்ளனர். அவர்கள் ஒரே நீண்ட படத்தை எடாது, குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணினியில் ஒன்றாகச் சேர்க்கின்றனர். படத்துக்குப் படம் மாறும் தற்செயற் புள்ளிகள் தேய, எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்கும் மெல்லொளி தெளிகின்றது. சிலர் மகம் சட்டகத்துக்கு வெளியே நிற்குமாறு கமராவைச் சற்றே விலக்கியும் வைப்பர். அதன் பின்னரும் கிடைப்பது விபூதி தூவினாற்போன்ற ஒரு மங்கற் கறையே. ஆயினும் அக்கறை ஒரு மண்டலம் அன்றோ!

மாசிமகத்தன்று பூரணசந்திரன் மகத்தின் அயலிலேயே நிற்பதால், அவ்விரவில் இம்முயற்சி பலியாது. அதனையடுத்து வரும் அமாவாசை வரை காத்திருத்தல் வேண்டும். மாணவர்கள் இங்கே ஓர் உண்மையைக் கருத்திற் கொள்ளல் நன்று. கண்ணைக் கவர்வதெல்லாம் பெரிதுமன்று. கண்ணுக்குப் படாததெல்லாம் இல்லாததுமன்று. பொறுத்திருந்து பார்ப்பார்க்கே வானம் தன் மறைபொருளைக் காட்டும்.