செயின்சா வாங்கும் முன் உதிரிபாகத்தை விசாரியுங்கள்

2016 டிசம்பர் 12-ல் கரை கடந்த வர்தா புயல், சென்னையிலும் புறநகரிலும் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. அத்தகைய நேரத்தில் கைகொடுப்பது செயின்சா. நசரத்பேட்டை சுற்றுவட்டார விவசாயிகள் இதை வாங்க நினைத்தால், ‘ஸ்டில் வாங்கலாமா, ஹஸ்க்வர்னா வாங்கலாமா, விலை மலிவான சீனத் தயாரிப்பே போதுமா?’ என்ற கேள்வி எழும்.

ஸ்டில், 1926-ல் தொடங்கிய ஜெர்மன் நிறுவனம். ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா, 1689-ல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கியது. இரண்டுமே பெயர் பெற்றவை. எனவே, பூந்தமல்லி, ஆவடி பக்கம் எந்த இயந்திரத்துக்குப் பழுது பார்ப்பவர் இருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். செயின், பார், ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட்டர் கயிறு கையிருப்பில் உள்ளனவா என்பதை விலை பேசும் முன்பே கேளுங்கள்.

கிளை கழிக்கவும் சவுக்கு வெட்டவும் 14 முதல் 16 அங்குல பார் போதும். செயின் பிரேக் இல்லாத இயந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஓடும்போது பாரின் நுனி மரத்தில் பட்டால், இயந்திரம் முகத்தை நோக்கித் துள்ளும்.

ஸ்டில், ஹஸ்க்வர்னா இயந்திரங்களில் அந்தந்த நிறுவன டூ-ஸ்ட்ரோக் ஆயிலை லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. கலந்தால் போதும். சீன இயந்திரங்கள் பலவற்றுக்கு 40 மி.லி. தேவை. கையேட்டைப் பார்த்தே கலக்குங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும்.