பையில் இரத்தம் கண்டால் ஈரலையும் நினையுங்கள்

புற்றுநோய் காரணமாகச் சலப்பையை முற்றாக அகற்றிவிட்டால் சிறுநீர் எவ்வழியே வெளியேறும்? சிறுகுடலின் கடைப்பகுதியில் சுமார் 15 சென்ரிமீற்றர் நீளமான துண்டொன்றை அதன் இரத்தக் குழாய்களோடு பிரித்தெடுத்து, சிறுநீரகங்களிலிருந்து வரும் குழாய்களை அதில் பொருத்துவர். அதன் மறுமுனை வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு சிறு வாயாக அமைக்கப்படும். அதன்மேல் ஒட்டிய பையில் சிறுநீர் சேரும். அமெரிக்க வைத்தியர் பிறிக்கர் 1950இல் விளக்கிய இம்முறை இன்றும் கையாளப்படுகிறது.

வீட்டில் அந்தப் பையை மாற்ற உதவுபவர் பெரும்பாலும் மனைவி அல்லது மகள்தான். எனவே சகோதரிகளே, இதனை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

குடலின் இரத்தம் ஈரலுக்கூடாகவே இதயத்துக்குத் திரும்புகிறது. 'சிரோசிஸ்' நோயால் ஈரல் இறுகினால் அவ்வழி நெருக்கடியாகும். மதகு அடைபட்ட வாய்க்கால் கரையை உடைப்பது போல, தேங்கிய இரத்தம் வேறு வழி தேடும். குடற்றுண்டு வயிற்றுத் தோலைச் சந்திக்கும் இடம் அத்தகைய வழியாகிவிடலாம். அங்குள்ள நாளங்கள் வீங்கி, மெல்லிய உராய்விலும் வெடிக்கும்.

வாயைச் சுற்றித் தோல் நீலம் பாரித்திருப்பது ஓர் எச்சரிக்கை. வலியின்றித் திடீரென இரத்தம் கசியலாம், பீறிடவும் கூடும். பை உராய்ந்த புண் என்றோ, சிறுநீரில் கிருமி என்றோ எண்ணி நாட்களைக் கடத்தாதீர்கள்.

இரத்தம் கண்டால் நோயாளியைப் படுக்க வையுங்கள். பையை அகற்றி, சுத்தமான துணியால் கசியும் இடத்தை விடாது அழுத்துங்கள். அழுத்தியபடியே வைத்தியசாலைக்கு விரையுங்கள். அங்கு முதலில் சொல்ல வேண்டியது, "இவருக்கு ஈரல் நோய் இருக்கிறது" என்பதே. தையலிட்டால் இரத்தம் நிற்கும். ஆனால் உள்ளே அழுத்தம் குறையாவிட்டால் மீண்டும் வரும். அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகள், வீங்கிய நாளங்களை அடைத்தல், ஈரலுக்குள் மாற்றுப்பாதை அமைத்தல், சிலருக்கு ஈரல் மாற்றுச் சிகிச்சை எனப் பல வழிகள் உண்டு.

பையை மெதுவாகக் கழற்றுங்கள். அதன் துவாரம் வாயின் அளவுக்குப் பொருந்தட்டும். வைத்தியரைக் கேளாமல் அஸ்பிரின், புறூபன் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். இதய நோய்க்கு வைத்தியர் தந்த அஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஈரல் நோய் என்றதும் ஊர் குடிப்பழக்கத்தை நினைக்கும் எனப் பயந்து சிலர் மறைக்கிறார்கள். மதுவைத் தொடாதவருக்கும் ஹெப்படைற்றிஸ் பி, சி கிருமிகளாலும், ஈரலில் கொழுப்புப் படிவதாலும் இந்நோய் வரும். வெட்கப்பட்டு மறைத்த அந்த ஒரு செய்தியே உயிரைக் காக்கும் செய்தியாக இருக்கலாம்.