சுருள் நுளம்பு வலையும் ஒரு ஜன்னல் கற்றுத்தந்த வியாபாரமும்

கிழக்குக் கரையோர ஊரொன்றில் சிறியதோர் அலுமினியப் பட்டறை வைத்திருப்பவன் நான். கதவு, ஜன்னல், கண்ணாடி அலுமாரி என்பவையே எமது வேலை. என்னோடு மூன்று இளைஞர்கள் தொழில் செய்கின்றனர். இப்பகுதிக்கு எழுதுமாறு கேட்கப்பட்டபோது, இலட்சக்கணக்கில் இலாபமீட்டிய கதை எதுவும் என்னிடம் இல்லையே என்றேன். "நீங்கள் செய்த நுளம்பு வலையைப் பற்றி எழுதுங்கள். பிழைத்துப்போனதையும் சேர்த்து எழுதுங்கள்" என்றார்கள். ஒரு பொருளை வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டுவர எண்ணும் எமது இளைஞர்களுக்கு எனது பிழைகள் பயன்படலாம் என்பதால் ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன்.

2017ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வருடம் இலங்கையில் டெங்கு நோயாளர்களாகப் பதிவானோர் தொகை 186,101 ஆகும். 400இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வைத்தியசாலைகளில் கட்டில்கள் போதாமல் போயின. அக்காலத்தில் எமது பட்டறைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் கேட்டது ஒன்றைத்தான்: "ஜன்னலுக்கு வலை அடித்துத் தருவீர்களா?"

அடித்துக் கொடுத்தோம். அலுமினியச் சட்டம் செய்து, அதில் வலையை இறுக்கி, ஜன்னலின் உட்பக்கமாகத் திருகாணி போட்டுப் பூட்டினோம். வேலை இலகு, காசும் உடனே கிடைத்தது. ஆறு மாதம் கழித்து வேறொரு வேலைக்காக அவ்வீடுகளில் ஒன்றுக்குச் சென்றேன். வலையின் கீழ் மூலையில் கை நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டப்பட்டிருந்தது. எலி கடித்ததோ என்று கேட்டேன். வீட்டுக்கார ராத்தா சிரித்தார்.

"எலியுமில்ல, பூனையுமில்ல தம்பி. நான்தான் கத்தரிக்கோலால வெட்டின. ஜன்னல அடைக்க நான் எங்கால கைய விடுற?"

அப்போதுதான் எனது மூளையில் உறைத்தது. எமது வீடுகளின் ஜன்னல்கள் வெளிப்பக்கமாகத் திறப்பவை. உட்பக்கம் இரும்புக் கிறில் இருக்கும். ஜன்னலைத் திறக்கவும் சாத்தவும் கிறிலுக்கு ஊடாகக் கையை நீட்டிக் கொக்கியைப் பிடிக்க வேண்டும். நான் அந்த வழியையே அடைத்துவிட்டிருந்தேன். மழை வந்தால் ஜன்னலை மூட முடியாது. அவர் வலையை வெட்டியதில் குற்றமில்லை, குற்றம் என்னுடையது. வலையை அளந்த நான் அந்த ஜன்னலை அவர் எவ்வாறு பாவிக்கிறார் என்பதைப் பார்க்கவில்லை.

புதிய கண்டுபிடிப்பல்ல

தேவையானது கை வெளியே போகவேண்டிய நேரத்தில் விலகி, மற்ற நேரத்தில் மூடிக்கொள்ளும் வலை. சுருண்டு பெட்டிக்குள் போகும் வலை வெளிநாடுகளில் நீண்டகாலமாக இருந்துவருகின்றது. அதனை நான் கண்டுபிடித்ததாகச் சொன்னால் அது பொய்.

இதன் வரலாற்றிலும் வியாபாரிகளுக்கு ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில் கில்பர்ட் அன்ட் பெனட் என்ற நிறுவனம் கம்பியால் அரிதட்டு வலை நெய்து விற்றுவந்தது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் தென் மாநிலச் சந்தை கைநழுவியது. வலை தேங்கிக் கிடந்தது. துருப்பிடிக்காதிருக்க அதற்குச் சாயம் பூசி, ஜன்னலுக்கான பூச்சி வலையாக அவர்கள் விற்கத் தொடங்கினர். 1864இல் ஸ்டுவர்ட் ஹார்ட்ஷோர்ன் என்பவர் ஸ்பிரிங் உருளையில் சுருளும் ஜன்னல் திரைக்குக் காப்புரிமை பெற்றார். இவை இரண்டையும் ஒன்று சேர்த்தால் சுருள் வலை. எனவே எனது வேலை கண்டுபிடிப்பதல்ல, எமது ஊர் ஜன்னலுக்கும் எமது வீட்டுப் பெண்களின் கைக்கும் அதனைப் பொருந்தச் செய்வது மாத்திரமே.

அதன் அமைப்பு எளிதானது. அலுமினியப் பெட்டி ஒன்றினுள் ஒரு குழாய், குழாயினுள் முறுக்கப்பட்ட ஸ்பிரிங், குழாயின்மேல் சுற்றப்பட்ட வலை. வலையின் நுனியில் பிடித்து இழுக்க ஒரு சட்டம். வலையின் ஓரங்கள் இரண்டும் காடிகளுக்குள் ஓடும். இழுக்கும்போது ஸ்பிரிங் மேலும் முறுகும், விட்டால் வலையைத் திரும்பச் சுருட்டும். வலையாக நான் எடுத்தது அங்குலத்துக்கு 18க்கு 16 கண்கள் கொண்ட ஃபைபர் கிளாஸ் வலை. அதன் ஒரு கண் ஒரு மில்லிமீற்றரைவிடச் சற்றுப் பெரியது. நுளம்பு நுழையாது, காற்று வரும். வெள்ளையை விடச் சாம்பல் அல்லது கறுப்பு நிற வலையூடாக வெளியே தெளிவாகத் தெரியும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த ஏழு வலைகள்

முதலில் பன்னிரண்டு வலைகள் செய்தேன். ஏழு வலைகளுக்கு முறைப்பாடு வந்தது.

முதலாவது பிரச்சினை உயரம். பெட்டியை ஜன்னலின் மேலே பொருத்தி, வலையைக் கீழே இழுப்பதாகச் செய்திருந்தேன். எனக்கு அது இலகு. சுருண்டுபோன பின் சட்டம் ஏழடி உயரத்தில் நின்றது. உம்மாமார் கதிரை வைத்து ஏற வேண்டியதாயிற்று. கயிறு கட்டிக் கொடுத்தேன். ஒரு வீட்டில் தவழும் குழந்தை அக்கயிற்றைப் பிடித்து விளையாடுவதைக் கண்டதும் அன்றே கழற்றிவிட்டேன். தொங்கும் கயிறு குழந்தையின் கழுத்தில் சிக்கினால் யார் பதில் சொல்வது?

இரண்டாவது வேகம். கை தவறினால் சட்டம் மேலே பறந்துபோய்ப் பெட்டியில் மோதியது. இரண்டு பெட்டிகள் உடைந்தன.

மூன்றாவது காற்று. கச்சான் காற்று தொடங்கியதும் வலை பாய்மரம்போல உப்பி, ஓரம் காடியிலிருந்து கழன்றது.

நான்காவது துரு. கடலிலிருந்து அரைக் கட்டை தூரத்தில் சாதாரண இரும்பு ஸ்பிரிங் எத்தனை நாள் தாங்கும்? ஒரு மழைகாலம் கூடத் தாங்கவில்லை.

இவற்றுக்குத் தீர்வு ஒரே நாளில் கிடைக்கவில்லை. கடைசியில் பெட்டியை மேலிருந்து எடுத்து ஜன்னலின் பக்கவாட்டில் நிறுத்திவைத்தேன். இப்போது வலை திரைச்சீலைபோலக் குறுக்கே ஓடுகிறது. சட்டம் மேலிருந்து கீழ்வரை நீண்டிருப்பதால் உயரமானவர் மேலே பிடிக்கலாம், பிள்ளை கீழே பிடிக்கலாம். கயிறு தேவையில்லை. சட்டத்தின் பாரத்தைத் தூக்க வேண்டியதில்லை என்பதால் ஸ்பிரிங்கின் பலத்தைக் குறைக்க முடிந்தது. அதனால் வேகமும் குறைந்தது. மறுபக்கத்தில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் உள்ளதைப் போன்ற காந்தப் பட்டி சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. காடியை ஆழமாக்கி, இருபுறமும் பிரஷ் பட்டி வைத்தோம். அது வலையின் ஓரத்தைப் பிடிப்பதோடு இடைவெளியையும் அடைக்கிறது. ஸ்பிரிங்கும் திருகாணிகளும் துருப்பிடியா உருக்குக்கு மாறின. செலவு கூடியது, முறைப்பாடு குறைந்தது. கீழ்க் காடியில் மணல் சேர்கிறது என்ற குறை இன்றும் உண்டு. கிழமைக்கு ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிடுமாறு பொருத்தும்போதே சொல்லிவிடுகிறேன்.

மற்றொன்று அளவு. மேசன் பாஸ் கட்டிய ஜன்னல் துவாரம் நான்கு மூலையும் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவையே எடுக்க வேண்டும். உயரத்துக்கும் அப்படியே. மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு தடவை அளந்தால் கோணல் தெரிந்துவிடும். அளப்பவரும் வெட்டுபவரும் ஒரே அளவு நாடாவைப் பாவிப்பது நல்லது. நாடாவுக்கு நாடா இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் இருக்கக் கண்டிருக்கிறேன். நுளம்புக்கு அதுவே வாசற்கதவு.

துண்டுப் பிரசுரத்தில் எழுதிய பொய்

எழுதத் தயங்கும் விடயத்துக்கு இப்போது வருகிறேன். "இந்த வலை இருந்தால் உங்கள் வீட்டில் டெங்கு இல்லை" என்று துண்டுப் பிரசுரம் அச்சடித்துப் பகிர்ந்திருந்தேன். அதைப் பார்த்து ஒருவர் தமது வீட்டின் எல்லா ஜன்னல்களுக்கும் வலை போட்டார். இரண்டு மாதத்தில் அவரது மகன் டெங்குக் காய்ச்சலால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை சுகமடைந்தது. தகப்பன் என்னோடு சண்டைக்கு வரவில்லை. பிரசுரத்தை மேசையில் வைத்து, "தம்பி, இதுல எழுதியிரிக்கிறது சரியா?" என்று மட்டும் கேட்டார். சண்டை பிடித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அவரது வீட்டுக்குச் சென்று அந்தி நேரத்தில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கு மேலிருந்த காற்றுத் துவாரங்கள் திறந்தே கிடந்தன. அவற்றை நான் அளக்கவே இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டில் தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. வலை வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். வீட்டுக்குள் பிறப்பதை வெளியே போகவிடாமலும் வைத்திருக்கும்.

வலையின் பயன் பொய்யல்ல. 1900ஆம் ஆண்டில் சாம்பன், லோ என்ற இரு வைத்தியர்கள், உரோம் நகருக்கு அருகே மலேரியா மலிந்த ஒஸ்தியா பகுதியில் வலையடித்த குடிசையில் சில மாதங்கள் தங்கினர். அந்திக்கு முன் உள்ளே போய்விடுவார்கள். அவர்களுக்கு மலேரியா தொற்றவில்லை. ஆனால் மலேரியா நுளம்பு இரவில் கடிப்பது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்போ பகலில், குறிப்பாகக் காலையிலும் பின்னேரத்திலும் கடிக்கும். நாம் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பதும் அந்நேரத்தில்தான். ஆகவே மஃரிபுக்கு மட்டும் இழுத்துவிடும் வலையால் டெங்குக்குப் பயன் குறைவு. ஜன்னல் திறந்திருக்கும் நேரமெல்லாம் வலை மூடியிருக்க வேண்டும், தேங்கும் நீரையும் கிழமைதோறும் அகற்ற வேண்டும்.

எஞ்சிய பிரசுரங்களை எரித்தேன். புதியதில், "வெளியிலிருந்து வரும் நுளம்பையும் இலையானையும் தடுக்கும். வீட்டினுள் நீர் தேங்கினால் வலை உதவாது" என்று எழுதினேன். "தன் சரக்கின் குறையைத் தானே அச்சடிக்கிறான்" என்று நண்பர்கள் சிரித்தார்கள். சில ஓடர்கள் கைநழுவியதும் உண்மை. ஆனால் அந்தத் தகப்பனின் முகத்தை இன்று நேராகப் பார்க்க முடிகிறது. காற்றுத் துவாரங்களுக்கு அசையாத வலையை அவருக்கு இலவசமாக அடித்துக் கொடுத்தேன். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மேலே பார்த்துவிட்டுத்தான் ஜன்னலைப் பார்க்கிறேன்.

கணக்கு

2022 மார்ச் மாத ஆரம்பத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. அதற்குச் சற்று முன்னர்தான் ஒரு வீட்டின் 24 ஜன்னல்களுக்கு விலை பேசி, கால்வாசி முற்பணம் பெற்றிருந்தேன். சாமான் வாங்கியிருக்கவில்லை. கொட்டேஷனில் திகதி எல்லையும் இல்லை. பேசிய விலைக்கே செய்து கொடுத்தேன். அந்த நட்டத்தை அடைக்க ஒரு வருடம் சென்றது. இப்போது எனது கொட்டேஷன் 14 நாட்களுக்கு மாத்திரமே செல்லுபடியாகும். முற்பணம் கிடைத்த அன்றே அலுமினியமும் வலையும் வாங்கிவிடுவேன்.

இத்தொழிலில் இறங்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள்:

1. கழிவையும் விலையில் சேருங்கள். 12 அடி அலுமினியத்தில் நாலரை அடித் துண்டு இரண்டு வெட்டினால் மூன்றடி மிஞ்சும். அது குளியலறை ஜன்னலுக்கு உதவாவிட்டால் நட்டம்தான்.

2. ஒவ்வொரு விலையிலும் திருத்த வேலைக்கென ஒரு பங்கை ஒதுக்குங்கள். பொருத்திய பின் இரண்டு தடவையாவது போகவேண்டி வரும்.

3. அலுமினிய வேலையை முறையாகப் பழக விரும்பும் இளைஞர்கள் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் விசாரிக்கலாம்.

4. உங்கள் பொருளின் தோற்றம் புதியதாயின், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கைத்தொழில் வடிவமாகப் பதிவுசெய்யலாம். பதிவு ஐந்து வருடத்துக்கு. இரு தடவை புதுப்பிக்கலாம். வெளிநாட்டுப் பொருளின் பிரதியை உங்களுடையதென்று பதிய முனையாதீர்கள்.

5. விற்பதற்கு முன் உங்கள் சொந்த வீட்டில் ஒரு மழைகாலமும் ஒரு கச்சான் காலமும் பாவித்துப் பாருங்கள். வீட்டிலுள்ளவர் ஏசினால் இன்னும் வடிவமைப்பு முடியவில்லை என்று பொருள்.

வலையை வெட்டிய ராத்தாவின் வீட்டுக்கும் சுருள் வலை போட்டாயிற்று. பழைய வலையைக் கழற்றியபோது, கை நுழையும் ஓட்டையுள்ள அந்த மூலையை வெட்டி எடுத்துவந்தேன். அது பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பொடியனுக்கு முதல்நாள் அதைக் காட்டி, இந்த ஓட்டை ஏன் வந்தது என்று கேட்பேன். "எலி" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.