முதல் மாதத்து வெற்றியும் முடிவில் நின்ற நிலையும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது ஒரு பழமொழி. சிறுதுளி பெருவெள்ளம் என்பது இன்னொன்று. இரண்டும் தொடக்கத்தைப் பற்றியே பேசுகின்றன. ஆயினும் இரண்டும் ஒன்றையே சொல்வன அல்ல. தொடக்கம் முடிவைக் காட்டிக்கொடுக்கும் என்பது முதலாவதன் கருத்து. தொடக்கமும் முடிவில் ஒரு பங்கு என்பது இரண்டாவதன் கருத்து. இவ்விரு கருத்துகளுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டு மக்கள் பெரிதும் விரும்பும் பேஸ்போல் ஆட்டம் நல்லதோர் உரைகல்லாக அமைகின்றது.

கிரிக்கெட்டில் உள்ளது போலவே பேஸ்போலிலும் ஒருவர் பந்தை எறிய, மற்றொருவர் அதனை மட்டையால் அடித்து ஓடி ஓட்டம் பெறுகின்றார். ஆனால், ஓர் ஆட்டம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே ஏறக்குறைய நாள்தோறும் ஆட முடிகின்றது. மேஜர் லீக் எனப்படும் உயர்தரப் போட்டியிலே 30 அணிகள் இரண்டு லீக்குகளாகவும், ஒவ்வொரு லீக்கும் மூன்று பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டுள்ளன. மார்ச் மாத இறுதியிலே தொடங்கிச் செப்டெம்பர் இறுதிவரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்களை ஆடுகின்றது. பிரிவுகளில் முதலிடம் பெறும் அணிகளும், அவற்றுக்கு அடுத்தபடியாக மிகுந்த வெற்றி பெற்ற சில அணிகளும் ஒக்டோபர் மாதத்தில் நடைபெறும் இறுதிப் போட்டிகளுக்குத் தகுதி பெறும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்திலே இவ்வாட்டத்தின் அன்பர்களிடையே ஒரு வழக்கு எழும். தம் அணி முதல் வாரத்தில் தோற்றுவிட்டால், "இன்னும் நூற்றைம்பது ஆட்டங்கள் கிடக்கின்றன, கவலை எதற்கு?" என்பர் ஒரு சாரார். "இப்பொழுதே இப்படியானால் பின்னர் என்ன ஆகும்?" என்பர் மறு சாரார். இவர்களுள் யார் கூற்று மெய்யானது?

முதலிலே ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். பேஸ்போலிலே மிகச் சிறந்த அணிக்கும் மிகத் தாழ்ந்த அணிக்கும் உள்ள தொலைவு நாம் எண்ணுமளவுக்குப் பெரிதன்று. 2001ஆம் ஆண்டிலே சியாட்டில் மரினர்ஸ் அணி 116 வெற்றிகளைப் பெற்றுப் பெரும் புகழ் எய்தியது. அவ்வணியும் 46 முறை தோற்றது. 2024இல் சிக்காகோ வைட் சொக்ஸ் அணி 121 முறை தோற்று இகழ்ச்சிக்கு ஆளாயிற்று. அவ்வணியும் 41 முறை வென்றது. வல்லவர் நான்கில் ஒன்றைத் தோற்பதும், மெலியவர் நான்கில் ஒன்றை வெல்வதும் இவ்வாட்டத்தின் இயல்பு. எனவே, ஒரு வாரத்து விளைவைக் கொண்டு வல்லவர் யார், மெலியவர் யார் என்று பிரித்தறிதல் அரிது.

இதனை ஒரு நாணயத்தைக் கொண்டு விளக்கலாம். குறையில்லாத நாணயமொன்றைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறையோ அதற்கு மேலோ தலை விழுதல், ஏறத்தாழ ஆறுக்கு ஒரு தடவை நிகழக்கூடியதே. ஆகவே, 30 அணிகளும் ஆற்றலில் முற்றிலும் சமமானவை என்றே வைத்துக்கொண்டாலும், முதற் பத்து ஆட்டங்களின் முடிவிலே ஐந்து அணிகளாவது ஏழு வெற்றிகளுடன் தலைநிமிர்ந்து நிற்கும் என எதிர்பார்க்கலாம். வேறு ஐந்து அணிகள் ஏழு தோல்விகளுடன் தலைகுனிந்து நிற்கும். ஆனால் அதே நாணயத்தை 162 முறை சுண்டினால், பத்தில் ஏழு என்ற வீதத்தில் தலை விழுவது நடவாத காரியம் என்றே கூறலாம். ஆட்டங்கள் பெருகப் பெருக, தற்செயல் ஒடுங்கி ஆற்றல் வெளிப்படும்.

ஆட்டத்தின் அமைப்பும் இதற்குத் துணைசெய்கின்றது. ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிவாளர் ஒருவர் ஒரு நாள் எறிந்தபின் சில நாட்கள் ஓய்வு கொள்ளல் வேண்டும். அதனால் பொதுவாக ஐவர் முறைவைத்து எறிகின்றனர். முதற் பத்து ஆட்டங்கள் என்றால் ஒவ்வொருவரும் இருமுறையே எறிந்திருப்பார் என்பது பொருள். மேலும், ஏப்ரலில் ஆடிய அணியே செப்டெம்பரிலும் ஆடுவதில்லை. காயமுற்றோர் விலகுவர், இளைஞர் புகுவர், ஆண்டின் நடுவிலே அணிகள் தம்முள் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்வதும் உண்டு.

வரலாற்றைப் பார்ப்போம். 1982இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி முதல் 13 ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்றது. 1987இல் மில்வோக்கி புரூவர்ஸ் அணியும் அவ்வாறே முதல் 13 ஆட்டங்களையும் வென்றது. முளை இரண்டும் ஒன்றே. விளைவு யாது? அட்லாண்டா மொத்தம் 89 வெற்றி பெற்றுத் தன் பிரிவில் முதலிடம் அடைந்தது. மில்வோக்கி அதனினும் கூடுதலாக 91 வெற்றி பெற்றும் தன் பிரிவில் மூன்றாம் இடத்திலேயே நின்றது. அந்த 13 வெற்றிகளைக் கழித்துப் பார்த்தால், அட்லாண்டா 76 வெற்றியும் 73 தோல்வியும், மில்வோக்கி 78 வெற்றியும் 71 தோல்வியும் பெற்ற நடுத்தர அணிகளாகவே தோன்றுகின்றன.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அட்லாண்டா அணி முதலிடம் பெற்றது, லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணியிலும் ஒரேயொரு வெற்றி கூடுதலாகப் பெற்றதனாலேயே. அந்தப் பதின்மூன்றில் இரண்டு தவறியிருந்தாலும் முதலிடம் கைநழுவியிருக்கும். அத்தொடக்கம் அவ்வணியின் தரத்தைக் காட்டவில்லை; ஆயினும் அவ்வணிக்கு முதலிடத்தைத் தேடித் தந்தது. முளையைப் பற்றிய பழமொழி பொய்த்த அதே இடத்திலே, துளியைப் பற்றிய பழமொழி மெய்யாயிற்று.

2011ஆம் ஆண்டு இவ்வுண்மையை இன்னும் தெளிவாகக் காட்டிற்று. அவ்வாண்டு பொஸ்டன் ரெட் சொக்ஸ், தம்பா பே ரேய்ஸ் ஆகிய இரண்டு அணிகளும் தத்தம் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றன. பின்னர் பொஸ்டன் எழுந்து, செப்டெம்பர் தொடக்கத்தில் தம்பாவைவிட ஒன்பது ஆட்டங்கள் முன்னே நின்றது. அம்மாதத்திலே அது 7 வெற்றியும் 20 தோல்வியும் பெற்றுச் சரிந்தது. செப்டெம்பர் 28ஆம் நாள், இறுதி ஆட்டத்துக்கு முன், இரண்டு அணிகளும் சமநிலையில் நின்றன. அன்றிரவு பொஸ்டன், பால்டிமோர் அணியிடம் 4க்கு 3 என்ற கணக்கில் தோற்றது. சில நிமிடங்களுக்குள், ஏழு ஓட்டங்கள் பின்தங்கியிருந்த தம்பா, நியூ யோர்க் யாங்கீஸ் அணியை 8க்கு 7 என்று வென்றது. தம்பா 91 வெற்றி. பொஸ்டன் 90 வெற்றி. தம்பா இறுதிப் போட்டிகளுக்குச் சென்றது. பொஸ்டன் வீடு திரும்பியது.

உலகம் செப்டெம்பரைப் பழித்தது. அது நியாயமே. ஆனால், ஏப்ரல் மாதத்தின் அந்த ஆறு தோல்விகளில் ஒன்று மட்டும் வெற்றியாக மாறியிருந்தால், இரண்டு அணிகளும் மீண்டும் சமநிலையில் நின்றிருக்கும்; தீர்ப்புக்காக இன்னோர் ஆட்டம் வேண்டியிருந்திருக்கும். கணக்கேட்டிலே ஏப்ரல் வெற்றிக்கும் செப்டெம்பர் வெற்றிக்கும் நிறை ஒன்றே. செப்டெம்பர் வெற்றி பெரிதாகத் தோன்றுவது, அப்பொழுது எஞ்சியிருக்கும் ஆட்டங்கள் சிலவே என்பதனால்தான்.

இவ்வாராய்ச்சி பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. மனிதரின் பிழைப்பும் மதிப்பும் இதிலே தங்கியுள்ளன. 1988இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் முகாமையாளராக விளங்கியவர் கேல் ரிப்கன் மூத்தவர். அவருடைய புதல்வர் இருவர் அவ்வணியிலேயே ஆடினர். முதல் ஆறு ஆட்டங்களும் தோல்வியில் முடிந்தவுடன், புதல்வரின் கண்முன்னே தந்தை பதவி நீக்கப்பட்டார். அவரிடத்துக்குப் பிராங்க் ரொபின்சன் வந்தார். நோய் தீர்ந்ததா? அவர் வந்தபின் மேலும் 15 ஆட்டங்கள் தொடர்ச்சியாகத் தோல்வியுற்றன. மொத்தம் 21 தோல்விகளின் பின்னரே முதல் வெற்றி கிட்டியது. அவ்வாண்டு அவ்வணி 107 முறை தோற்றது. அணியின் மெலிவு உண்மையே. ஆனால் அதனை அறிய அந்த ஆறு ஆட்டங்கள் தேவைப்படவில்லை. முந்தைய ஆண்டிலேயே அவ்வணி 95 முறை தோற்றிருந்தது. அடுத்த ஆண்டில், அதே ரொபின்சனின் கீழ், 87 வெற்றிகளுடன் தன் பிரிவில் இரண்டாம் இடத்தை அடைந்தது.

இதற்கு மாறானதோர் எடுத்துக்காட்டு 2019இலே கிடைத்தது. வாஷிங்டன் நஷனல்ஸ் அணி முதல் 50 ஆட்டங்களில் 19ஐ மட்டுமே வென்றது. முகாமையாளர் டேவ் மார்ட்டினஸை நீக்கவேண்டும் என்ற குரல் எழுந்தது. நிருவாகம் அவரை நீக்கவில்லை. எஞ்சிய 112 ஆட்டங்களில் அவ்வணி 74ஐ வென்றது. அவ்வாண்டின் ஒக்டோபரிலே உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியில் ஹியூஸ்டன் அணியை வீழ்த்தி முடிசூடியது.

அப்படியாயின் தொடக்கம் ஒருபொழுதும் முடிவைக் காட்டாதோ எனின், காட்டுவதும் உண்டு. 1984இல் டெட்ரொயிட் டைகர்ஸ் அணி முதல் 40 ஆட்டங்களில் 35ஐ வென்றது. முதல் நாள் தொட்டு இறுதி நாள்வரை முதலிடத்தை விடாது பற்றி, உலகத் தொடரையும் வென்றது. ஆனால் அவ்வணியும் எஞ்சிய 122 ஆட்டங்களில் 69ஐ மட்டுமே வென்றது. சிறந்த அணியின் தொடக்கம்கூட அதன் மெய்யான அளவைச் சற்று மிகைப்படுத்தியே காட்டிற்று.

ஆகவே வழக்காடிய இரு சாராரும் பாதி உண்மையையே கூறினர் எனலாம். முதல் வாரத்துத் தோல்வியைக் கொண்டு ஓர் அணியைத் தீர்ப்பிடுதல் தவறு. "இது தொடக்கந்தானே" என்று அதனைப் புறக்கணித்தலும் தவறு. தீர்ப்பிடுவோர் பொறுத்திருத்தல் வேண்டும். ஆடுவோர் பொறுத்திருத்தல் ஆகாது. பார்ப்பவருக்கு முதல் நாள் ஆட்டம் நூற்று அறுபத்திரண்டில் ஒன்று. ஆடுபவருக்கோ, பருவ முடிவில் எந்த ஒரு வெற்றி குறைவாக இருக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. அஃது அந்த முதல் நாள் ஆட்டமாகவும் இருக்கலாம்.